அர்ஜுன் டாங்கியின் முன்மாதிரி வளர்ச்சி

அர்ஜுன் என்பது சென்னையை அடுத்த ஆவடியில் இயங்கும் போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனத்தால் (சி.வி.ஆர்.டி.இ.) வடிவமைக்கப்பட்ட முதன்மைப் போர் டாங்கி ஆகும். இந்நிறுவனம் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி அமைப்பின் (டி.ஆர்.டி.ஓ.) ஓர் ஆய்வகம். 1974-ஆம் ஆண்டு அரசு ஒப்புதல் பெற்ற இத்திட்டம், 1980களின் நடுப்பகுதியில் முதல் முன்மாதிரிகளை அளித்தது. 2004-இல்தான் முதல் உற்பத்தி வண்டிகள் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏறத்தாழ 40 டன் எடையுள்ளதாக எண்ணப்பட்ட வண்டி, முடிவில் 58.5 டன்னாக வளர்ந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த முன்மாதிரிக் காலத்தைப் பற்றியது: எடை ஏன் ஏறியது, காலம் ஏன் நீண்டது, அவ்வளவு காலத்தில் எவை உருவாயின என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

சொற்குறிப்பு

தமிழ் நாளிதழ்கள் இவ்வகை ஊர்தியை டாங்கி, பீரங்கி வண்டி, கவச வண்டி எனப் பலவாறு எழுதுகின்றன. இங்கு டாங்கி என்ற சொல்லே ஆளப்படுகிறது. பீரங்கி என்பது அவ்வண்டியின் மேல் பொருத்தப்பட்ட சுடுகருவியை மட்டும் குறிக்கும். முதல் உலகப்போரின்போது பிரித்தானியர் இப்புதிய கருவியை மறைப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் பெயரால் அதைக் குறிப்பிட்டனர். 1916 செப்டம்பரில் சொம் போர்முனையில் அது வெளிப்பட்ட பின்னரும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டாங்கிகள் இலகு, நடுத்தரம், கனம் என மூவகையாகப் பிரிக்கப்பட்டன. 1960களில் கனரக டாங்கி என்ற தனிவகை மறைந்து, எல்லாப் பணிகளையும் ஒன்றே செய்யும் 'முதன்மைப் போர் டாங்கி' என்னும் கருத்து வந்தது. வகைப்பாட்டின்படி அர்ஜுன் இவ்விறுதி வகையைச் சேர்ந்தது. எனினும் எடையை மட்டும் நோக்கினால் அது பழைய கனரக டாங்கிகளுக்கு ஒப்பானதே.

பின்னணி

1961-ஆம் ஆண்டு பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. 1965 இறுதியில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஏறத்தாழ 39 டன் எடையும் 105 மி.மீ. பீரங்கியும் கொண்ட விஜயந்தா, பல ஆண்டுகள் இந்தியக் கவசப் படையின் முதுகெலும்பாக விளங்கியது. தொடக்கத்தில் பெரும்பாலான உறுப்புகள் பிரித்தானியாவிலிருந்து வந்தன. படிப்படியாக அவை உள்நாட்டிலேயே செய்யப்பட்டன.

ஆனால் வரைபடத்தைப் பெற்று உறுப்புகளைச் செய்வது வேறு, வரைபடத்தையே தீட்டுவது வேறு. கவசத்தின் தடிப்பு ஏன் இவ்வளவு, எஞ்சின் அறையின் நீளம் ஏன் இவ்வளவு என்ற வினாக்களுக்கான விடை, வடிவமைத்தவரிடமே இருக்கும். 1971-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், விஜயந்தாவுக்கு அடுத்த டாங்கியை நாமே வடிவமைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1972-இல் தரைப்படைத் தலைமையகம் தன் தேவைகளை ஆவணமாக வெளியிட்டது. 1974 மே மாதத்தில் 15.50 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இந்திய அரசு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

(ஆவடி என்ற பெயர், கவச வாகனம் மற்றும் வெடிபொருள் கிடங்கு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும், பெயருக்கேற்பப் பின்னர் பொருத்தப்பட்ட விரிவாகவே அது தோன்றுகிறது. டாங்கித் தொழிற்சாலை வருவதற்கு முன்பே, 1955-ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டிருந்தது.)

மாறிக்கொண்டே இருந்த இலக்கு

முதலில் கேட்கப்பட்டது 105 மி.மீ. பீரங்கி கொண்ட, 40 டன் அளவிலான ஒரு வண்டி. அதாவது விஜயந்தாவின் மேம்பட்ட உறவினர். அதற்கான வடிவமைப்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே உலகம் வேறு திசையில் சென்றது. மேற்கு செருமனியின் லெப்பர்டு-2 டாங்கி 1979-இலும், அமெரிக்காவின் எம்-1 ஆப்ரம்ஸ் 1980-இலும் படையில் சேர்ந்தன. இரண்டுமே 1500 குதிரைத்திறன் எஞ்சினும், 50 டன்னைத் தாண்டிய எடையும், பல அடுக்குக் கூட்டுக் கவசமும் கொண்டவை. சோவியத் ஒன்றியத்தின் டி-72 டாங்கி 125 மி.மீ. பீரங்கியுடன் வந்தது. ஆப்ரம்ஸ் டாங்கி பாகிஸ்தானுக்கு விற்கப்படலாம் என்ற கவலையும் 1980களில் இருந்தது. 1988 ஆகஸ்டில் பாகிஸ்தான் அதிபர் சியா உல் ஹக், பகவல்பூர் அருகே அந்த டாங்கியின் செயல்விளக்கத்தைக் கண்டு திரும்பும்போதுதான் விமான விபத்தில் இறந்தார்.

ஆகவே 1980களில் தேவை ஆவணம் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. 105 மி.மீ. பீரங்கி 120 மி.மீ. ஆயிற்று. கவசம் கூட்டுக் கவசம் ஆயிற்று. இருளிலும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் சுடக்கூடிய குறிபார்க்கும் அமைப்பு சேர்ந்தது. மென்பொருள் துறையில் பணிபுரிவோருக்கு இந்நிலை நன்கு விளங்கும்: நிரல் எழுதி முடிக்கும் தறுவாயில் தேவை மாறினால், திருத்த வேண்டியது ஒரு வரி மட்டுமன்று. டாங்கியில் இது இன்னும் கடுமையானது. பீரங்கி பெரிதானால் அதன் பின்னுதைப்பு கூடும், அதைத் தாங்கச் சுழல்கூடு (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி) அகலும், அகன்ற கூட்டைச் சுற்றிக் கவசப் பரப்பு மிகும், எடை ஏறும், ஏறிய எடையை இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும், பெரிய எஞ்சினுக்கு நீண்ட உடல் வேண்டும், நீண்ட உடலுக்கும் கவசம் வேண்டும். இச்சுழற்சியே 40 டன் வண்டியை 58.5 டன் வண்டியாக்கியது.

குறை முழுவதையும் தரைப்படையின்மீது சுமத்துவது முறையன்று. பத்தாண்டுகளுக்கு முந்திய தேவைக்கு ஏற்ற வண்டியைப் பெற்று எல்லையில் நிறுத்த எந்தப் படையும் விரும்பாது. வண்டி குறித்த காலத்தில் வந்திருந்தால் தேவையை இத்தனை முறை திருத்த வேண்டியிருந்திருக்காது என்பதும், தேவை திருத்தப்படாதிருந்தால் வண்டி விரைவில் வந்திருக்கும் என்பதும் ஒருங்கே உண்மை.

எஞ்சின் சிக்கல்

முன்மாதிரிக் காலத்தின் மிகப் பெரிய தடை எஞ்சினே ஆகும். 1500 குதிரைத்திறன் கொண்ட ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்குவது நோக்கம். விசையாழி எஞ்சின் குறித்த எண்ணம் கைவிடப்பட்ட பின்னர், பன்னிரண்டு உருளைகள் கொண்ட, காற்றால் குளிர்விக்கப்படும், மாறும் அமுக்க விகிதமுடைய டீசல் எஞ்சின் தேர்ந்தெடுக்கப்பட்டது.

மாறும் அமுக்க விகிதம் என்பதன் தேவை பின்வருமாறு: டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி, அவ்வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றவைக்கப்படுகிறது. குளிர்ந்த நிலையில் எஞ்சினைக் கிளப்ப அமுக்க விகிதம் மிகுதியாக இருக்க வேண்டும். ஆனால் சிறிய எஞ்சினிலிருந்து பெருந்திறனைப் பெற, விசையூட்டியின் மூலம் மிகுதியான காற்றைத் திணிக்கும்போது, அதே உயர்ந்த விகிதம் உருளையின் அழுத்தத்தை உடையும் அளவுக்கு உயர்த்திவிடும். இதற்குத் தீர்வாக உந்துதண்டு இரு பகுதிகளாகச் செய்யப்பட்டு, இடையில் எண்ணெய் நிரப்பப்படுகிறது. அழுத்தம் எல்லை மீறும்போது எண்ணெய் சிறிது வெளியேற, உந்துதண்டின் தலை தாழ்ந்து, அமுக்க விகிதம் தானே குறைகிறது.

கோட்பாடு அழகானது. செயற்படுத்துவது எளிதன்று. அமெரிக்கர்கள் இதே கோட்பாட்டில் 1500 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை உருவாக்கி ஆப்ரம்ஸ் போட்டியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் முன்மாதிரியில் பொருத்தியிருந்தனர். 1976-இல் விசையாழி கொண்ட கிரைசுலர் முன்மாதிரியே தேர்வு பெற்றது. ஆவடி எஞ்சின் எதிர்பார்த்த திறனை எட்டவில்லை. அதற்குமுன் அவ்வளவு பெரிய வாகன டீசல் எஞ்சினை இந்தியாவில் எவரும் வடிவமைத்ததில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 45 பாகையைத் தொடும் தார் பாலைவன வெப்பத்தில், சூடான காற்றைக் கொண்டே குளிர்விப்பது கூடுதல் இடர்.

எனவே முன்மாதிரிகளுக்குச் செருமனியின் எம்.டி.யு. நிறுவன எஞ்சின் இறக்குமதி செய்யப்பட்டது. முதலில் தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட இது, பின்னர் நிலையாயிற்று. எம்.பி. 838 என்னும் இப்பத்து உருளை எஞ்சினின் மூல வடிவம், 1960களின் லெப்பர்டு-1 டாங்கியில் 830 குதிரைத்திறன் அளித்தது. விசையூட்டிகள் சேர்த்து அர்ஜுனுக்காக அது 1400 குதிரைத்திறனுக்கு உயர்த்தப்பட்டது. கியர் பெட்டி செருமனியின் ரெங்க் நிறுவனத்தது. முன்செல்ல நான்கும் பின்செல்ல இரண்டும் ஆகிய நிலைகள் கொண்டது.

திறனை எடையால் வகுத்துப் பார்த்தால் 1400/58.5, அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 24 குதிரைத்திறன் கிடைக்கிறது. 780 குதிரைத்திறனும் 41.5 டன் எடையும் கொண்ட டி-72 டாங்கிக்கு இது ஏறத்தாழ 19 மட்டுமே. கனமான வண்டியாயினும் அர்ஜுன் சாலையில் மணிக்கு 70 கி.மீ., கரடுமுரடான நிலத்தில் 40 கி.மீ. வேகம் செல்லக் காரணம் இதுவே.

பீரங்கியும் கவசமும்

120 மி.மீ. பீரங்கி புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி ஆய்வகத்தில் உருவானது. லெப்பர்டும் ஆப்ரம்சும் வழவழப்பான உட்குழலைத் தெரிவு செய்ய, இந்தியா பிரித்தானிய வழியில் சுருள்வரி வெட்டிய குழலைத் தெரிந்தது. காரணம் குண்டுவகை. கவசத்தின் மேல் அப்பி வெடித்து அதன் உட்புறத்தைச் சிதறச் செய்யும் குண்டு, சுழன்று செல்லும்போதுதான் நேராகப் பறக்கும். ஆனால் துளைக்கும் வகையான சிறகுடைய அம்புக்குண்டுக்குச் சுழற்சி ஆகாது. ஆகவே சுருள்வரியின் சுழற்சி அதற்குச் செல்லாதபடி வழுக்கு வளையம் பொருத்த வேண்டியுள்ளது. இத்தெரிவின் விலை பின்னர் தெரிந்தது: டி-72, டி-90 ஆகியவற்றின் 125 மி.மீ. குண்டுகளை அர்ஜுன் பயன்படுத்த இயலாது. ஒரே படைக்கு இருவகைக் குண்டுகளைச் சேமித்து வைக்க வேண்டும்.

அர்ஜுனில் தானியங்கிக் குண்டேற்றி இல்லை. கட்டளையர், குறிபார்ப்பவர், ஓட்டுநர் ஆகியோருடன் குண்டேற்றுபவர் என நால்வர் உள்ளனர். டி-72-இல் மூவர் மட்டுமே. அதனால்தான் அது சிறியது.

கவசம் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் படைப்பு. அவ்வாய்வகம் அமைந்துள்ள காஞ்சன்பாக் என்ற இடத்தின் பெயரால் அது காஞ்சன் எனப்பட்டது. எஃகுத் தகடுகளுக்கிடையே பிற பொருள்களாலான அடுக்குகள் வைக்கப்பட்ட கூட்டுக் கவசம் இது. அப்பொருள்கள் எவை என்பது மறைபொருள். இத்திட்டத்தில் வெளிநாட்டு உதவியின்றி முழுமையாகக் கைகூடியவற்றுள் இதனை முதலில் வைக்கலாம்.

மற்றொன்று, சக்கரங்களைத் தாங்கும் நீர்ம-வளிம அதிர்வுதாங்கி. வழக்கமான முறுக்குச் சட்டங்களுக்கு மாறாக, அழுத்தப்பட்ட வளிமம் வில்லாகவும் எண்ணெய் அதிர்வடக்கியாகவும் இதில் செயற்படுகின்றன. ஓடும் வண்டியிலிருந்து குறி தவறாமல் சுட இது பெரிதும் உதவுகிறது. அகன்ற சங்கிலிப் பட்டைகளின் மேல் எடை பரவுவதால் தரையழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.84 கி.கி. மட்டுமே, மணலில் புதையாமைக்கு இதுவே காரணம்.

முன்மாதிரிகளும் சோதனைகளும்

முதற்கட்டமாகப் பன்னிரண்டு முன்மாதிரிகள் ஆவடியில் கட்டப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து, உற்பத்திக்கு முந்திய தொடராகப் பதினைந்து வண்டிகள் செய்யப்பட்டன. ஆவடியில் கட்டி, இராசத்தானில் ஓட்டி, பழுதுகளுடன் மீண்டும் ஆவடிக்குக் கொண்டுவந்து திருத்துவது எனப் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆவடியின் கோடை கடுமையானதே ஆயினும், பாலைவனத்தின் வறண்ட வெப்பமும் மாவுபோன்ற தூசியும் வேறு வகை. எஞ்சின் சூடேறுவதும், குறிபார்க்கும் அமைப்பின் மின்னணுக் கருவிகள் வெப்பத்தில் தடுமாறுவதும் தொடர்ந்த குறைகளாக இருந்தன.

3.86 மீட்டர் அகலம் இன்னொரு தொல்லை. வழக்கமான இரயில் பெட்டகங்களின் அளவை இது மீறியதால், எடையையும் அகலத்தையும் தாங்கும் தனிவகைப் பெட்டகங்கள் தேவைப்பட்டன. கால்வாய்களும் பாலங்களும் நிறைந்த பஞ்சாபைவிட, வெட்டவெளியான இராசத்தானே இவ்வண்டிக்கு ஏற்றது என்ற முடிவுக்கு எடை முக்கியக் காரணமாயிற்று.

திட்ட மதிப்பீடு 1980-இல் 56.55 கோடி, 1987-இல் 280.80 கோடி என உயர்ந்து, 1995 மார்ச்சில் வளர்ச்சிக் கட்டம் முடிந்தபோது 305.60 கோடி ரூபாய் செலவாகியிருந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 1990களின் பிற்பகுதியில் அளித்த அறிக்கை, காலத்தாழ்வையும் செலவேற்றத்தையும் கடுமையாகச் சுட்டியது. முதல் மதிப்பீட்டை ஏறத்தாழ இருபது மடங்கு மீறிய தொகைதான், ஆனால் 15.50 கோடி என்ற எண் மதிப்பிடப்பட்டது வேறொரு, சிறிய வண்டிக்கு என்பதையும், இடையில் இருபது ஆண்டு விலையேற்றம் உள்ளது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1996-இல், அ. ப. ஜெ. அப்துல் கலாம் டி.ஆர்.டி.ஓ.வின் தலைவராக இருந்தபோது, பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் அர்ஜுனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விழாவுக்குப் பின்னரும் சோதனைகள் முடியவில்லை. 124 வண்டிகளுக்கான ஆணை 2000-ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது.

படையில் சேர்ப்பு

2004 ஆகஸ்டில் முதல் ஐந்து வண்டிகள் ஆவடியில் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்குள் உருசியாவிலிருந்து டி-90 டாங்கிகளை வாங்க 2001-இல் ஒப்பந்தம் ஆகியிருந்தது. உரிமம் பெற்று அவற்றைக் கட்டும் பணியும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கே வந்தது. அதாவது, அர்ஜுனும் அதன் போட்டியாளரும் ஒரே வளாகத்தில் உருவாயின.

2007-08-இல் நடந்த நீண்ட ஓட்டச் சோதனைகளில் ரெங்க் கியர் பெட்டிகள் பலமுறை பழுதுற்றன. நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தரைப்படை இக்குறைகளை முன்வைத்ததும், டி.ஆர்.டி.ஓ. அவை களையப்பட்டன என்று மறுமொழி கூறியதும் அக்காலச் செய்திகளில் இடம்பெற்றன. 2009 மே மாதத்தில் 43-ஆம் கவசப் படைப்பிரிவு முழு அளவில் அர்ஜுன் டாங்கிகளைப் பெற்றது. 2010 மார்ச்சில் இராசத்தானில் அர்ஜுனும் டி-90-உம் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அர்ஜுன் நன்கு செயற்பட்டதாக நாளிதழ்கள் எழுதின. முழு அறிக்கை வெளியிடப்படவில்லை. ஆயினும் அதே ஆண்டு மே மாதத்தில் மேலும் 124 வண்டிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

கிளைத்த முன்மாதிரிகள்

அர்ஜுன் பணியிலிருந்து வேறு சில சோதனை ஊர்திகளும் பிறந்தன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது டாங்க்-எக்ஸ். டி-72-இன் உடல்மேல் அர்ஜுனின் சுழல்கூட்டை வைத்துச் செய்யப்பட்ட இம்முன்மாதிரி, ஏறத்தாழ 47 டன் எடையுடையது. எடைக் குறைவும் பெரிய பீரங்கியும் ஒருங்கே கிடைக்கும் என்பது கணக்கு. தரைப்படை இதனை ஏற்கவில்லை. திட்டம் முன்மாதிரியோடு நின்றது. அர்ஜுன் உடல்மேல் தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனத்தின் 155 மி.மீ. பீரங்கியைப் பொருத்திய பீம் என்ற தானுந்து பீரங்கியும், அந்நிறுவனத்தின் மீது 2005-இல் எழுந்த ஊழல் குற்றச்சாட்டுகளால் கைவிடப்பட்டது.

மார்க்-1ஏ

மேம்படுத்தப்பட்ட அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியைப் பிரதமர் நரேந்திர மோடி 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் தரைப்படைத் தலைவரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பிலான ஆணை ஆவடி தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டது. 2021 அக்டோபர் முதல் அத்தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

மார்க்-1ஏ ஏறத்தாழ 68 டன் எடையுள்ளது. இரண்டாம் உலகப்போரின் செருமானியக் கனரக டாங்கியான 'அரசப் புலி'க்கு ஏறத்தாழச் சமம். எஞ்சின் அதே 1400 குதிரைத்திறன் என்பதால், டன்னுக்கு 24 ஆக இருந்த விகிதம் 20.6 ஆகக் குறைந்தது.

1974-இல் எண்ணிய 1500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின், 2024 மார்ச் 20 அன்று மைசூரிலுள்ள பி.இ.எம்.எல். நிறுவனத்தின் எஞ்சின் பிரிவில் முதன்முறையாகச் சோதனைக்காக இயக்கப்பட்டது.